இருபத்திரண்டாம் நம்பர் கவுன்டர்

(சிறு நிறுவனங்களில் கணினியும் நெட்வொர்க்கும் பார்த்துக்கொள்பவர்களுக்காக நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "தம்பி, போர்ட், ஃபயர்வால்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே, துறைமுகத்தப் பத்தியா பேசப் போறீங்க?" என்று கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகும் போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஆகவே அவருக்குப் புரிகிற மாதிரியே ஆரம்பிக்கிறேன். அவருக்குப் புரிந்தால் நம் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

ஒரு சர்வரைத் தாலுகா ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிடத்துக்கு ஒரு முகவரி உண்டு; அது ஐபி முகவரி. உள்ளே கவுன்டர்கள், அவைதான் போர்ட். எந்த வேலைக்கு எந்தக் கவுன்டர் என்பது உலகம் முழுக்க ஒரே ஏற்பாடு. வலைப்பக்கம் வேண்டுமா, 80. ரகசியமாக வேண்டுமா, 443. மெயில் கொடுக்கவேண்டுமா, 25. வெளியூரில் இருந்துகொண்டே கட்டிடத்துக்குள் புகுந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமா, 22. எண்ணை எழுத 16 பிட் ஒதுக்கியிருப்பதால் மொத்தம் 65,536 எண்கள். வெளிக்கேட்டில் சீட்டோடு நிற்கிற வாட்ச்மேன்தான் ஃபயர்வால். எந்தக் கவுன்டருக்கு யாரை விடலாம் என்று சீட்டில் எழுதியிருக்கும். எழுதாத ஆளுக்கு வழி கிடையாது.

இந்த 22 எப்படி வந்தது என்ற கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1995-ல் ஃபின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் எவனோ ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்து, போகிற வருகிற பாஸ்வேர்டுகளை வாரிக்கொண்டுவிட்டான். அன்றைக்குத் தூரத்து லாகினுக்கு டெல்நெட்தான் வழக்கம். டெல்நெட்டில் பாஸ்வேர்டு, போஸ்ட் கார்டில் எழுதின விஷயம் மாதிரி. வழியில் இருக்கிற எவன் வேண்டுமானாலும் படிக்கலாம். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாட்டு இலோனென் இதற்கு மாற்றாக எஸ்எஸ்எச் என்ற நிரலை எழுதினார். கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் நடுவில் 22 காலியாகக் கிடந்தது. எழுதின நிரல் இந்த இரண்டு பேரின் வேலையையும் பார்க்கப் போகிறது, ஆகவே நடு நாற்காலி பொருத்தம் என்று அவருக்குத் தோன்றியது. ஜூலை 10-ஆம் தேதி, எண்களை ஒதுக்கும் இன்டர்நெட் எண் ஒதுக்கீட்டு ஆணையத்துக்கு மெயில் போட்டார். அந்தப் பொறுப்பை அன்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும். மறுநாளே ரெனால்ட்ஸிடமிருந்து பதில் வந்துவிட்டது: 22 உங்களுக்கு. ஜூலை 12-ஆம் தேதி நிரல் வெளியானது. மனு கொடுத்த மறுநாள் ஆர்டர்! பெரியவர் சிரிக்கிறார், பாருங்கள். பிறகு 1999-ல் ஓப்பன்பிஎஸ்டி ஆட்கள் அதன் பழைய, கட்டுப்பாடு இல்லாத பதிப்பை எடுத்துச் செப்பனிட்டு ஓப்பன்எஸ்எஸ்எச் ஆக்கினார்கள். இன்று நம் லினக்ஸ் மெஷின்களில் ஓடுவது அதுதான்.

ஆக, 22 என்பது சட்டமும் இல்லை, கணக்கும் இல்லை. ஒரு ஏற்பாடு. நாம் விரும்பினால் நம் கட்டிடத்தில் அந்தக் கவுன்டரை 2222-க்கோ 47,000-க்கோ நகர்த்திக்கொள்ளலாம். நகர்த்தலாமா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஏன் நகர்த்தத் தோன்றுகிறது? ஒரு சர்வரைப் புதிதாகப் பொது முகவரியில் வைத்து, 22-ஐத் திறந்துவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். லாகைத் திறந்தால் ஏற்கெனவே ஆள் வந்து தட்டிப் பார்த்திருப்பான். ரூட் என்ற பெயரில் ஒருவன். அட்மின் என்று ஒருவன். டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று வரிசையாக. நம் மெஷினில் ஆரக்கிளே கிடையாது; தட்டுகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. 'பை' என்று ஒரு பெயரும் அடிக்கடி வரும். ராஸ்பெர்ரி பை வாங்கி, அதோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட புண்ணியவான்களைத் தேடுகிற கூட்டம் அது. விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் வரிகள் சேர்ந்துவிடும். நம்மைக் குறி வைத்து யாரும் வரவில்லை. தெருத்தெருவாகப் போய் எல்லா வீட்டுக் கைப்பிடியையும் திருகிப் பார்க்கிற இயந்திரங்கள் இவை.

முதல் தடவை இதைப் பார்க்கிற பையன் பயந்துபோவான். நானும் பயந்தேன். யாரோ சொன்னார்கள், போர்ட்டை மாற்று, சத்தம் நின்றுவிடும் என்று. 2009 என்று நினைவு. நான் மதுரையில்; மெஷின் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில். இரவு பத்தரை மணிக்கு எஸ்எஸ்எச்சின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். போர்ட் 22 என்றிருந்த வரியை மாற்றினேன். சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். என் திரை அப்படியே இருந்தது. அடித்த கட்டளை எல்லாம் வேலை செய்தது. ஆஹா, இவ்வளவுதானா என்று லாக்-அவுட் செய்தேன்.

மறுபடி உள்ளே போக முடியவில்லை.

நடந்தது என்னவென்றால், எஸ்எஸ்எச் சர்வீஸை மறுபடி ஓட்டினாலும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவரை அது எழுப்பிவிடாது. பழைய இணைப்பு பழைய கவுன்டரிலேயே ஓடும். அதை வைத்து எல்லாம் சரி என்று நினைத்தேன். புதுக் கவுன்டர் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்த எண் வாட்ச்மேன் சீட்டில் இல்லை. அவர் 22-க்கு வருகிறவர்களை இன்னும் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறார், அங்கே ஆள் இல்லை. புது எண்ணுக்கு வருகிற என்னைத் தடுக்கிறார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிற்பாடு உதவும். 22-க்குப் போனபோது உடனே 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தது. புது எண்ணுக்குப் போனபோது கர்சர் மின்னிக்கொண்டே இருந்து, வெகுநேரம் கழித்து 'டைம்டு அவுட்' என்றது. இரண்டும் வேறு வேறு செய்தி. ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் கட்டிடம் வரை போய்விட்டோம், அந்தக் கவுன்டரில் ஆள் இல்லை என்று உள்ளேயிருந்தே பதில் வருகிறது. டைம்டு அவுட் என்றால் கிணற்றில் போட்ட கல். பெரும்பாலும் வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் நம் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. முதலாவதற்கு சர்வீஸைப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு வாட்ச்மேனை. இந்த வித்தியாசம் தெரியாமல் ராத்திரி முழுக்கத் தப்பான இடத்தில் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டேட்டா சென்டருக்குப் போன் போட்டேன். "அண்ணே, அந்த மெஷின்ல ஒரு மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, நான் சொல்றத அடிக்க முடியுமா?"

"சார், கஸ்டமர் மெஷின நாங்க தொடக்கூடாது. நீங்க லெட்டரோட நேர்ல வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

அவர் சொன்னதுதான் சரி. யார் என்றே தெரியாத ஒருவன் போனில் கேட்டதும் கீபோர்டில் கை வைக்கிற ஆள் இருந்தால், ஃபயர்வால் எதற்கு? மாட்டுத்தாவணியில் கடைசி பஸ் ஏறி, விடியற்காலை கோயம்பேட்டில் இறங்கினேன். வாசலில் ரெஜிஸ்டர். பெயர், நேரம் எல்லாம் எழுதியாயிற்று. 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உள்ளே வேலை நாலு நிமிஷம். ஃபயர்வாலில் ஒரு வரி.

இன்றைக்கு கிளவுடில் இருப்பவர்களுக்குப் பஸ் பயணம் வேண்டாம், பிரவுசரிலேயே கன்சோல் உண்டு. ஆனால் வாட்ச்மேன்கள் கூடிவிட்டார்கள். மெஷினுக்குள் ஒரு ஃபயர்வால். அதற்கு வெளியே கிளவுட் கம்பெனி வைத்திருக்கிற இன்னொன்று. ரெட் ஹேட் வகை மெஷினாக இருந்தால் மூன்றாவதாக எஸ்இலினக்ஸ். 'எஸ்எஸ்எச் உட்காரலாம் என்று 22-க்குத்தான் உத்தரவு இருக்கிறது' என்று அது சர்வீஸைப் புது நாற்காலியில் உட்காரவே விடாது. உத்தரவில் புது எண்ணைச் சேர்க்க ஒரே ஒரு கட்டளை போதும். அதைத் தேட அலுத்துக்கொண்டு எஸ்இலினக்ஸையே அணைத்து வைக்கிறார்கள். கூட்டத்தில் அப்படிச் செய்தவர்கள் கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். உபுண்டுவில் வேறு மாதிரித் தொல்லை. 22.10 பதிப்பிலிருந்து கவுன்டரைத் திறந்து வைப்பது எஸ்எஸ்எச் இல்லை, சிஸ்டம்டியின் சாக்கெட். அமைப்புக் கோப்பில் எண்ணை மாற்றி எஸ்எஸ்எச்சை மட்டும் மறுபடி ஓட்டினால் ஒன்றும் நடக்காது, சாக்கெட்டையும் எழுப்ப வேண்டும். பழைய குறிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்கிற பையன்கள் இதில்தான் முழிக்கிறார்கள்.

அன்றைக்குப் பிறகு நான் செய்கிற வரிசை இது: முதலில் வாட்ச்மேன் சீட்டில் புது எண்ணைச் சேர்ப்பேன். அமைப்புக் கோப்பில் 22-ஐ எடுக்காமலே இரண்டாவது வரியாகப் புது எண்ணைப் போடுவேன். எஸ்எஸ்எச் இரண்டு கவுன்டரிலும் உட்காரும். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அதையே சோதிக்கச் சொல்வேன், அதற்கு வசதி உண்டு. சர்வீஸை எழுப்பிவிட்டு, பழைய ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புது எண் வழியாக உள்ளே போய்ப் பார்ப்பேன். போக முடிந்தால்தான் 22-க்குப் பூட்டு. ஃபயர்வால் விதிகளைத் தூரத்திலிருந்து மாற்றும்போது, பத்து நிமிஷத்தில் பழைய விதி தானாகத் திரும்பும்படி ஒரு வேலையை முன்னாலேயே வைத்துவிடுவேன். நான் உள்ளே இருந்தால் அதை ரத்து செய்துகொள்ளலாம், வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிஷம் பொறுத்தால் போதும். பஸ் டிக்கெட் மிச்சம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு நகர்த்தினால் பலன் உண்டா? உண்டு. அது எவ்வளவு என்பதில்தான் சண்டை. ஒரு பக்கம், 'மறைத்து வைப்பது பாதுகாப்பே இல்லை' என்று கெர்க்ஹாஃப்ஸைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் 1883-ல் ராணுவ ரகசிய எழுத்து பற்றி எழுதினவர். எந்திரம் எதிரி கையில் சிக்கினாலும் பாதகம் வரக்கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. அவர் சொன்னது, எந்திரத்தின் ரகசியத்தை நம்பியிருக்காதே என்று. கண்ணில் படாமல் வைப்பதே பாவம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸீமேப் என்றொரு கருவி செய்தார்கள். சாதாரண மெஷின், ஒரு கிகாபிட் இணைப்பு. பழைய முகவரி முறையான ஐபிவி4-ல் உலகத்தின் எல்லாப் பொது முகவரிகளிலும் ஒரு கவுன்டரை 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஒரு கவுன்டரை! 65,536 எண்களையும் அதே வேகத்தில் தட்ட ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆகும். தெருவெல்லாம் திருகிப் பார்க்கிறவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே அவன் 22-ஐ மட்டும் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறான். நகர்த்தினவுடன் லாக் அடங்கிப்போவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் உங்கள் ஒரு வீட்டைக் குறி வைத்து வருகிறவனுக்கு 65,536 தட்டு பெரிய வேலையா? நிமிஷக் கணக்கு. எஸ்எஸ்எச் வேறு வெள்ளந்தி. யார் தட்டினாலும், 'நான் எஸ்எஸ்எச், இன்ன பதிப்பு' என்று முதல் வரியிலேயே பெயரைச் சொல்லிவிடும். ஷோடான் மாதிரியான தேடுபொறிகள் இந்த வரியைத்தான் ஊர் ஊராகச் சேகரித்து வைத்திருக்கின்றன.

நாம் நகர்ந்தால் திருடனும் நகர்வான் என்பதற்கு மிராய் நல்ல சாட்சி. 2016-ல் கேமரா, ரூட்டர் என்று கிடைத்ததையெல்லாம் பிடித்து அடியாட்படை ஆக்கின நிரல் அது. அந்த அக்டோபரில் டைன் என்ற கம்பெனியின் பெயர்த் தேடல் சேவையைச் சாய்த்ததில் அதற்குப் பங்கு உண்டு. டெல்நெட்டின் 23-ஐத் தட்டுவதுதான் அதன் பிழைப்பு. ஆனால் பத்துக்கு ஒரு தடவை 2323-ஐத் தட்டு என்று அதன் நிரலிலேயே எழுதியிருந்தது. ஏன்? 23-ஐ மறைக்க நினைக்கிறவன் கை தானாக 2323-க்குத்தான் போகும் என்று எழுதினவனுக்குத் தெரியும். 22-ஐ 2222 ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

எண் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு நுணுக்கம். 1024-க்குக் கீழே உள்ள கவுன்டர்களில் உட்கார யூனிக்ஸ் மரபில் ரூட்டுக்கு மட்டுமே உரிமை. அதற்கு மேலே யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பல பேர் கணக்கு வைத்திருக்கிற மெஷினில் எஸ்எஸ்எச்சை 2222-ல் வைத்தீர்கள் என்று வையுங்கள். ஏதோ காரணத்தால் சர்வீஸ் விழுந்தால், உள்ளே இருக்கிற சாதாரணப் பயனர் ஒருவர் அதே நாற்காலியில் பொய் எஸ்எஸ்எச்சை உட்கார்த்தி, வருகிற பாஸ்வேர்டுகளை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சர்வரின் அடையாளச் சாவி மாறிவிட்டது என்று உங்கள் பக்கம் பெரிய எச்சரிக்கை வரும். வந்தால் என்ன செய்கிறோம்? பழைய அடையாளத்தை அழித்துவிட்டு 'எஸ்' அடிக்கிறோம். இப்படிப் பொது மெஷினாக இருந்தால் 1024-க்குக் கீழே சும்மா கிடக்கிற ஓர் எண்ணைப் பாருங்கள்.

நகர்த்தினதற்கு உண்மையிலேயே சந்தோஷப்பட்ட ஒரு வாரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1-ஆம் தேதி குவாலிஸ் கம்பெனி ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு ஓட்டையை அறிவித்தது. 2006-ல் அடைத்த ஓட்டை; 2020-ல் யாரோ ஒரு வரியைத் தெரியாமல் எடுக்க, திரும்பத் திறந்துகொண்டது. பாஸ்வேர்டும் சாவியும் இல்லாமலே உள்ளே வரலாம். ஆனால் 32-பிட் மெஷினிலேயே சராசரியாகப் பத்தாயிரம் முயற்சி, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். இப்படி ஒரு செய்தி வந்தால் கூட்டம் முதலில் ஓடுவது 22-க்கு. தள்ளி இருக்கிற மெஷின்களைச் சாவகாசமாக அப்டேட் செய்தேன். அந்தச் சில மணி நேரத்துக்கு ஒரு விலை உண்டு.

அதே மாதிரி நகர்த்தினதால் பட்ட பாடும் உண்டு. ஒரு நூற்பாலையின் சர்வரில் எண்ணை மாற்றினேன். வாட்ச்மேன், ஜன்னல், சோதனை எல்லாம் ஒழுங்கு. என் லேப்டாப்பில் எஸ்எஸ்எச் அமைப்பில் புது எண்ணை எழுதிவைத்தேன். பெருமையாக வீட்டுக்குப் போனேன். பத்தொன்பது நாள் கழித்துக் கணக்குப் பிரிவு அம்மா போன் செய்தார். "தம்பி, போன வாரச் சம்பளப் பட்டியல தெரியாம அழிச்சுட்டேன். பேக்கப்ல இருக்கும்ல?"

இல்லை. இரவு 2:10-க்கு வேறொரு மெஷினிலிருந்து வந்து கோப்புகளை எடுத்துப் போகிற பேக்கப் நிரல், பத்தொன்பது இரவும் 22-ஐத் தட்டிவிட்டு, பதில் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறது. ஒவ்வொரு இரவும் தோல்வி என்று மெயிலும் போட்டிருக்கிறது, யாருமே திறக்காத ஒரு பெட்டிக்கு. நான் ஒளிந்துகொண்டது திருடனிடமிருந்து என்று நினைத்தேன். நிஜத்தில் வழி தெரியாமல் நின்றது எங்கள் வீட்டு ஆள்.

இது ஒருநாள் விபத்து இல்லை. எஸ்எஸ்எச்சில் எண்ணைச் சொல்லச் சின்ன 'பி'. கோப்பு அனுப்பும் எஸ்சிபியில் பெரிய 'பி', சின்னதைப் போட்டால் கோப்பின் தேதியைப் பாதுகாக்கும் வேறு வேலை. புதிதாகச் சேர்ந்த பையன் இதில் அரை நாள் தொலைப்பான். வாடிக்கையாளர் ஆபீசில் உட்கார்ந்து அவசரமாக உள்ளே போகப் பார்ப்பீர்கள். அவர்கள் ஃபயர்வால் வெளியே போவதற்கு 80, 443 இரண்டை மட்டும் விடும், உங்கள் 47,000-க்கு வழியில்லை. இதே கஷ்டத்துக்காகத்தான் கிட்ஹப் தன் எஸ்எஸ்எச்சை 443-லும் வைத்திருக்கிறது. கவுன்டரை நகர்த்துகிற செலவைத் திருடன் கொடுப்பதில்லை. நம் ஆட்கள்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள்.

ஆகவே என் பழக்கத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணாக இருந்தாலும் பாஸ்வேர்டு லாகினை மூடிவிட்டுச் சாவி மட்டும் வைப்பேன். அப்புறம் ரூட், ஆரக்கிள் என்று தட்டுகிறவன் தட்டிக்கொண்டே இருக்கட்டும். வருகிற ஆட்களுக்கு நிலையான முகவரி இருந்தால், வாட்ச்மேன் சீட்டில் அந்த முகவரிகளை மட்டும் எழுதுவேன்; அப்போது எண் 22-ஆகவே இருக்கலாம், நகர்த்த அவசியமே இல்லை. ஆட்கள் மொபைல் நெட்டில் ஊர் சுற்றுகிறவர்கள் என்றால் முன்னால் ஒரு வயர்கார்டு விபிஎன். அது எஸ்எஸ்எச் மாதிரி வெள்ளந்தி இல்லை. தெரியாதவன் தட்டினால் ஆள் இருக்கிற சாடையே காட்டாது. இது இரண்டுக்கும் வழி இல்லாதபோது எண்ணை மாற்றுகிறேன். அதுவும் அமைதியாகிற லாகை யாராவது காலையில் படிப்பார்கள் என்றால் மட்டும். இரைச்சல் குறைந்து என்ன பயன், கேட்க ஆள் இல்லாவிட்டால்?

அந்த நூற்பாலை மெஷின் இப்போது பழையபடி 22-ல்தான் இருக்கிறது. வாட்ச்மேன் சீட்டில் இரண்டே முகவரி: என் ஆபீஸ், பேக்கப் மெஷின். லாகில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரி. இரவு 2:10, பேக்கப் வந்தது. காலை காபியோடு அந்த ஒரு வரியைப் பார்ப்பது எனக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

போன மாதம் ஒரு காலையில் அந்த வரி இல்லை. யாரும் தட்டவில்லை, யாரும் உடைக்கவில்லை, லாக் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வர வேண்டியவன் வரவில்லை. பேக்கப் மெஷின் இருக்கிற கிளை ஆபீசுக்குப் போன் போட்டேன். இரவுக் காவலுக்கு வந்த அண்ணன் செல்போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடி, ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

"அது ஓடிட்டிருந்துச்சா தம்பி? சத்தமே இல்லையே" என்றார்.